இறக்கத்தில் இழுக்காத வண்டி

மேட்டில் ஏறும்போது வண்டி எந்தக் குறையும் சொல்லாது. இறக்கத்தில் வரும்போதுதான் இழுக்க மறுக்கும்.

எந்த வண்டியும் அப்படிப் பழுதாவதில்லை என்று நிலோபருக்குத் தெரியும். பழுது என்றால் ஏற்றத்தில் மூச்சு வாங்க வேண்டும், இறக்கத்தில் தானாக உருள வேண்டும். அவளுடைய சிவப்பு நிறப் பெட்ரோல் வண்டி தலைகீழாக நடந்துகொண்டது. சாயங்காலம் தென்காசியிலிருந்து குற்றாலம் கடைத்தெருவைக் கடந்து ஐந்தருவி சாலையில் ஏறும்வரை ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினாலே சீறிக்கொண்டு போகும். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சுழலும் அந்த மெல்லிய விசில் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். திரும்பி வரும்போது, இருட்டத் தொடங்கிய அதே சாலையில், தென்னந்தோப்பை ஒட்டியிருக்கும் சின்னப் பாலத்துக்காக வேகத்தைக் குறைத்து மறுபடி காலை அழுத்தினால், யாரோ பின்னாலிருந்து துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தியதுபோல வண்டி தயங்கும். இன்ஜின் உறுமும், விசில் கூடும், வேகம் மட்டும் ஏறாது. அப்படியே முக்கிக்கொண்டு தென்காசிவரை வரும். தெருவுக்குள் திரும்பி வீட்டு வாசலை நெருங்கி மெதுவாகும் நேரத்தில் சட்டென்று இலேசாகிவிடும். ஒருநாள் அப்படித் துள்ளியதில் வாசலில் நின்ற ஸ்கூட்டரை இடிக்கப் பார்த்தாள்.

நிலோபர் பிசியோதெரபிஸ்ட். பகலில் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. மாலையில் நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பாள். கடைசி வீடு பால்வண்ணநாதனுடையது. பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோன மனிதர். இனி எழுந்து நடக்க மாட்டார் என்று இரண்டு டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே அவரை நடக்க வைப்பது என்று நிலோபர் முடிவு செய்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கத் தொடங்கியிருந்தார். இந்த நேரத்தில் ஒருநாள் விட்டாலும் தசை மறந்துபோகும். ஆகவே வண்டி என்ன செய்தாலும் அவள் போயாக வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு பழுதும் பதிவாகவில்லை என்றார்கள். மேடம் எந்த கியரில் ஓட்டுகிறீர்கள் என்று ஒருவர் சிரித்தபடி கேட்டார். நிலோபர் சாவியை வாங்கிக்கொண்டு நேராக வேல்ராஜிடம் வந்தாள். செங்கோட்டை ரோட்டில் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கும் வேல்ராஜ் அவளைவிடச் சில வயது இளையவன். சந்தேகம் வந்தால் விடமாட்டான். பிளக் மாற்றினான், காயில் மாற்றினான். டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் குழாயில் எங்காவது கீறல் இருக்கிறதா என்று புகைவிட்டுப் பார்த்தான். பெட்ரோல் பம்பின் அழுத்தத்தைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. ஒரு மாலை அவனே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாலம்வரை போய்த் திரும்பினான். அன்றைக்கு வண்டி தண்ணீரில் மீன் போல வந்தது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கணவன் ஹம்தான் சவூதியில் தம்மாமிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் வண்டியை விற்றுவிடச் சொன்னான். அவனுடைய அண்ணன் துல்கர்னைன் அடுத்த தெருவிலிருந்து வந்து, மலைப்பக்கம் இருட்டின பிறகு பொம்பளை தனியாக ஓட்டிவர வேண்டிய அவசியம் என்ன என்று வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஓதித் தகடு கட்டித் தருகிறவர் வடகரையில் இருப்பதாகவும் சொன்னார். நிலோபர் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். பழுது என்று ஒன்று இருந்தால் காரணம் என்று ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடிக்காமல் வண்டியைவிட்டு இறங்குவதாக இல்லை என்றாள். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே, படம் பிடிக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்க்க, கிளட்சையும் பிரேக்கையும் குழப்பிக் குழப்பி ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். அதற்குப் பிறகு யார் சிரிப்புக்கும் அவள் வண்டியை நிறுத்தியதில்லை.

வண்டியில் ஒரு வாடை மட்டும் தங்கிப்போயிருந்தது. ஈரத்துண்டும் தேய்த்துக் குளித்த எண்ணெயும் கலந்த வாடை. சீசன் தொடங்கிவிட்டால் அருவிக்கரையிலிருந்து கடைத்தெருவரை காற்றே அப்படித்தான் இருக்கும். ஜன்னல் வழியாக வந்திருக்கும் என்று நினைத்தாள். வீட்டுக்குள்ளும் அந்த வாடை அடித்தபோது தன் உடையில் ஒட்டிக்கொண்டு வந்ததாக நினைத்தாள்.

வீடு புழுங்கியது. சாரல் அடிக்கும் மாதத்தில், எல்லா ஜன்னல்களும் திறந்து கிடக்க, உள்ளே மூச்சு முட்டியது. ஹம்தானின் தங்கை அலிமா, இவர்களோடு இருந்து கல்லூரிக்குப் போகிறவள், ஒரு காலையில் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தபோது நிலோபர் கவனித்தாள். நடைவழியில் யாரும் இல்லை. அலிமா ஒருக்களித்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் வழி எடுப்பவள்போல வந்தாள்.

“என்னட்டி, இப்படி நடந்து வாரே?”

அலிமா நின்று யோசித்தாள். “தெரியல மதினி. கொஞ்ச நாளாவே கல்யாண வீட்டுக்குள்ள நடக்க மாதிரிதான் இருக்கு.”

ஆறு வயது அஃப்ஷான் கட்டிலில் சுவரோடு ஒட்டித் தூங்கினாள். நிலோபர் அவளை நடுவில் இழுத்துப் போட்டால் தூக்கத்திலேயே நகர்ந்து மறுபடி சுவரில் முதுகை ஒட்டிக்கொள்வாள். சுவர் சில்லிட்டுக் கிடந்தது. சளி பிடிக்கும், இங்கே வந்து படு என்று நிலோபர் சொன்னதற்கு, பிள்ளை கண்ணைத் திறக்காமல், இடம் இல்லம்மா என்றது.

அதையும் நிலோபர் தூக்கக் கலக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

வேல்ராஜ் ஒரு சின்னக் கருவியை வண்டியின் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி அவள் போனோடு இணைத்துக் கொடுத்திருந்தான். ஓடும்போது இன்ஜினுக்குள் நடப்பதையெல்லாம் அது கோடுகளாகப் பதிந்துவிடும். ஒரு வாரத்துப் பதிவோடு அவள் ஒர்க்ஷாப்புக்குப் போனாள். உச்சிப்பொழுது. தகரக்கூரைமேல் சாரல் மணலை வாரி இறைப்பதுபோல விழுந்துகொண்டிருந்தது. வேல்ராஜ் போனை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

பாலத்தைத் தாண்டிய இடத்தில் டர்போவின் காற்றழுத்தம் முழுசாக ஏறியிருந்தது. பெட்ரோல் முழுசாகப் போயிருந்தது. இன்ஜின் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்திருந்தது. வேகக்கோடு மட்டும் தரையோடு கிடந்தது. பிரேக் ஒட்டியிருக்குமோ என்று வேல்ராஜ் வண்டியைத் தூக்கி நாலு சக்கரங்களையும் கையால் சுழற்றினான், தங்குதடையில்லாமல் சுழன்றன. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் மட்டும் சுற்றும், சக்கரம் சுற்றாது. கோடுகளில் அப்படியும் இல்லை.

நிலோபர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்ஜின் தெரியாது. உடம்பு தெரியும். படுத்த நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது, அவர் கொஞ்சமும் உதவாமல் மொத்தமாகச் சாய்ந்துவிட்டால், தூக்குகிறவளின் மூச்சு எப்படி ஏறும் என்று தெரியும். இந்தக் கோடுகள் அந்த மூச்சுதான்.

“தம்பி, இதுல பவர் குறையவே இல்ல,” என்றாள். “பாரம் கூடியிருக்கு.”

வேல்ராஜ் சிரிக்கவில்லை. கோட்டைத் திரும்பப் பார்த்தான். பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டு, பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைத்துக் காட்டினான். உள்ளங்கை தாராளமாகப் போனது.

“இப்போ இப்படி இருக்கு. அடுத்த தடவ இழுக்காமப் போனா, ஓரங்கட்டி நிறுத்திட்டுக் கைய விட்டுப் பாருங்க அக்கா.” கையைத் துணியில் துடைத்தபடி கொஞ்சம் தயங்கினான். “இல்லேன்னா வேண்டாம். நான் ஆள் வச்சு வேற வண்டி அனுப்புதேன்.”

வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.

அன்று மாலை பால்வண்ணநாதன் கம்பியைவிட்டுக் கையை எடுத்து, ஒரு மூச்சு நேரம் தானாக நின்றார். அவர் மனைவி பேராச்சி அழுதாள். நிலோபர் அந்தச் சந்தோஷத்தோடுதான் வண்டியில் ஏறினாள். மலையின்மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. மழை என்று சொல்ல முடியாத மழை, காற்றே நனைந்து முகத்தில் ஒட்டுவதுபோல. தோப்பில் தவளைகள் கத்தின. தொலைவில் அருவியின் இரைச்சல், நிற்காமல் யாரோ பாய் விரித்துக்கொண்டே இருப்பதுபோல. பாலம் வந்தது. வழக்கம்போல வேகத்தைக் குறைத்தாள். பாலத்துக்குக் கீழே ஓடையில் புதுத்தண்ணீர் பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி காலை அழுத்தினாள்.

வண்டி முக்கியது.

இந்த முறை அவள் ஓரங்கட்டினாள். இன்ஜினை அணைக்கவில்லை. சாலையில் யாரும் இல்லை. இறங்கி, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். போவதற்கு முன்பே கண் பார்த்துவிட்டது. வண்டியின் பின்புறம் தாழ்ந்து கிடந்தது, கரும்பு ஏற்றிய டிராக்டர்போல. குனிந்து டயருக்குமேல் கையை வைத்தாள். உள்ளங்கை போகவில்லை. விரலை மட்டும் நுழைத்தாள். சுண்டுவிரல்கூடப் போகவில்லை.

டிக்கியைத் திறந்தாள். ஒரு பழைய குடை, பயிற்சி கொடுக்கும் ரப்பர் பட்டைகள். வேறொன்றும் இல்லை.

பின்கதவைத் திறந்தாள். வாடை முகத்தில் அறைந்தது. எண்ணெய், ஈரத்துணி, அதற்கும் அடியில் பாறைமேல் படிந்த பாசியின் வாடை. உள்விளக்கு எரிந்தது. பின்சீட் காலியாக இருந்தது. ஆனால் பஞ்சு அமுங்கியிருந்தது. ஆள் உட்கார்ந்து எழுந்த தடம்போல இல்லை. எழாத தடம். ஆழமான பள்ளங்கள், பக்கத்தில் பக்கத்தில், இடைவெளியில்லாமல்.

ஓடு என்று உடம்பு சொன்னது. யாருக்குப் பயந்து ஓட வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இது அவளுடைய வண்டி.

கையை நீட்டினாள்.

விரல்கள் பஞ்சைத் தொடவில்லை. அதற்கு முன்பே நின்றுவிட்டன. எதன்மீதோ. சில்லென்று. ஈரமாக. உருண்டையாக.

எத்தனையோ வருடங்களாக நோயாளிகளின் உடம்பைத் தொட்டுப் பார்க்கும் வேலையையே செய்துவந்த கை. கட்டைவிரல் தானாக ஓரத்தைத் தேடியது. ஆள்காட்டி விரல் மறுபக்கம் போனது. நடுவே இருந்தது மெல்ல அசைந்தது. இடமும் வலமும்.

முழங்கால் சில்லு.

அவள் கையை எடுத்தாள். கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, நோயாளியின் அறைக்கதவைச் சாத்துவதுபோலச் சாத்தினாள். முன்பக்கம் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் பின்சீட் காலியாகத் தெரிந்தது. பின்கழுத்தில் மட்டும் குளிர்ந்த மூச்சு, ஒன்று விட்டதும் அடுத்தது, பலவிதமாக.

இங்கே ஏறுகிறார்கள். சரி. எங்கே இறங்குகிறார்கள்?

கேட்ட மறுநொடியே பதில் வந்துவிட்டது. வண்டி இலேசாகும் இடம் ஒன்றுதான். வாசல். ஒவ்வொரு சாயங்காலமும். சீசன் தொடங்கிய நாளிலிருந்து.

ஒருக்களித்து நடக்கும் அலிமா. சுவரோடு ஒட்டிய அஃப்ஷான்.

வேல்ராஜ் கூட வந்த நாளில் வண்டி ஏன் பாரமாகவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை யோசிக்க நேரமும் இல்லை. இவர்களை இப்போதே திருப்பிக்கொண்டு போய் இறக்கிவிடலாம். ஏற்கெனவே இறங்கியவர்களை? அவர்களுக்கு நடுவில்தானே பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். அவள் கியரைப் போட்டு வீட்டைப் பார்த்து ஓட்டினாள். மேலகரம் தாண்டும்போது கடைகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவள் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் நிறுத்தினாள். வண்டி எழுந்தது. எழுந்த உயரத்தை இப்போது அவள் முதுகு உணர்ந்தது.

அலிமாவைக் கூப்பிட்டு, அஃப்ஷானைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் துல்கர்னைன் வீட்டுக்குப் போய் இருக்கச் சொன்னாள். சாப்பாடு அடுப்பில் இருக்கிறது என்று அலிமா ஏதோ சொல்லத் தொடங்கி, மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் நடந்தாள். அவர்கள் முனை திரும்பும்வரை நிலோபர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வண்டியின் எல்லாக் கதவுகளையும் திறந்தாள். டிக்கியையும் திறந்தாள். வாசல்படியில் நின்று வீட்டுக்குள் பார்த்தாள். டியூப்லைட் எரிந்தது. நடை காலியாக இருந்தது. திரைச்சீலைகள் மட்டும் காற்றே இல்லாமல் புடைத்துக்கொண்டிருந்தன, பின்னால் தோள்கள் நெருக்குவதுபோல.

“எல்லாரும் கேளுங்க,” என்றாள். “நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. என்ன கஷ்டம்னும் தெரியாது. ஆனா இது எம்பிள்ள தூங்குத வீடு. இங்கன உங்களுக்கு இடம் கெடையாது. கொண்டுவந்தவ நான்தான், நானே கொண்டுபோய் விடுதேன். ஏறுங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. தெருமுனைப் பள்ளிவாசலில் இஷா பாங்கு சொன்னார்கள். அது முடிந்தது.

அவள் நகரவில்லை. வாசலுக்கு நடுவே, வழியை விட்டு ஒதுங்காமல், அப்புறம் யோசித்து ஒரு பக்கமாகத் தள்ளி நின்று, கையால் வண்டியைக் காட்டினாள். “ஏறுங்கன்னு சொன்னேன்.”

முதலில் வாடை வந்தது. பிறகு அவள் தோளை ஏதோ உரசியது. ஈரமாக. வண்டி ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்ந்தது. தாழ்ந்தது. அடுத்தது உரசியது. அடுத்தது. சிலது உயரமாக. சிலது அவள் இடுப்புக்குமேல் வராத உயரத்தில். அவள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வண்டி தாழ்ந்துகொண்டே போனது. ஸ்பிரிங் முனகியது. டயர் மட்கார்டைத் தொட்டது. அதற்குமேலும் தாழ்ந்தது. திரைச்சீலைகள் தொங்கிச் சுவரில் படிந்தன. அவ்வளவு நாளும் கிடைக்காத காற்று நடைவழியாக வந்து அவள் முகத்தில் பட்டது.

கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். ஒன்று சாத்த மறுத்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள் என்றாள். சாத்திக்கொண்டது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டதும் பீப் பீப் என்று வண்டி கத்தத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு. அவள் குறுக்கே சாய்ந்து பெல்ட்டை இழுத்தாள். அது இருக்கையில் படியாமல் அந்தரத்தில் வளைந்து, ஒரு வயிற்றின் அளவுக்கு முன்தள்ளி நின்றது. மாட்டினாள். பீப் நின்றது.

போனவழி முழுக்க முதல் கியர்தான். டர்போவின் விசில் கூவலாகிப் பிறகு ஓலமாகியது. டயர் உரசும் ரப்பர் நாற்றம். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து, விலகிப் போனது. குற்றாலம் கடைத்தெருவில் பழக்கடைகளும் எண்ணெய்க் கடைகளும் வெளிச்சமாக இருந்தன, சீசன் கூட்டம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சாலையை அடைத்து நடந்தது. அவள் ஊர்ந்தாள். ஐந்தருவி சாலையின் ஏற்றத்தில் வண்டி நின்றேவிடும்போல இருந்தது. சூடு காட்டும் விளக்கு எரிந்தது. அவளுடைய இடது தோளில் குளிர்ந்த ஒரு கன்னம் சாய்ந்திருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. கம்பியைப் பிடித்து நிற்கும் பால்வண்ணநாதனிடம் சொல்வதுபோலவே வண்டியிடம் சொன்னாள். இன்னும் ஒரு அடி. விழ மாட்டே. நான் பிடிச்சிருக்கேன். இன்னும் ஒரு அடி.

பாலம் வந்தது.

மலையைப் பார்த்தபடியே நிறுத்தி, இறங்கி, எல்லாவற்றையும் திறந்தாள்.

“இறங்குங்க. இனி என் வண்டியில கை வைக்கக் கூடாது.”

வண்டி எழுந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தார்ச்சாலையில் ஈரப் பாதங்கள் வைக்கும் சத்தம், துணி பிழிவதுபோல, பாலத்தின் ஓரமாகப் போய் நின்றது. கடைசியாகப் பக்கத்து இருக்கையின் பெல்ட் தானாகக் கழன்று சுருண்டுகொண்டது. நிலோபர் பின்சக்கரத்தருகே குந்தி டயருக்குமேல் கையை வைத்தாள். உள்ளங்கை தாராளமாகப் போனது. அவள் அந்த டயரின்மேல் நெற்றியை வைத்து, சத்தமில்லாமல், வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். வண்டிக்குள் புகைந்த கிளட்ச் நாற்றம் மட்டும் இருந்தது. இவ்வளவு நல்ல நாற்றத்தை அவள் முகர்ந்ததே இல்லை.

வண்டியைத் திருப்ப வேண்டும். எதிரே மேலிருந்து ஒரு வேன் வந்துகொண்டிருந்ததால் அது போகட்டும் என்று காத்திருந்தாள்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிற வேன். உள்ளே பாட்டு. அதன் விளக்கு அவள் கண்ணைக் கூச வைத்தது. பாலத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தது.

அந்த வெளிச்சம் அவள் முகத்தைவிட்டு மேலே ஏறியது.

கண்ணாடியைத் தாண்டி, கூரையைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் நின்ற தென்னைகளின் உச்சிக்குப் போனது. வேனின் பின்புறம் தாழ்ந்திருந்தது. முன்புறம் தூக்கியிருந்தது. இன்ஜின் முக்கியது. பாட்டு நிற்கவில்லை. ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை, உட்கார்ந்த இடத்தில் சுருங்கி, கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அவளைக் கடந்து போனது.

வேனுக்குப் பின்னால் ஒரு கார். அதன் விளக்கும் பாலத்தில் மெதுவாகி, மேலே ஏறியது. அதன் பின்னால் ஆட்டோ. அதன் பின்னால் இன்னொரு வேன். அவள் இறக்கிவிட்டவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு பேர் இல்லை.

நிலோபர் வண்டியைவிட்டு இறங்கினாள். நடந்து சாலையின் நடுக்கோட்டில் போய் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள். அடுத்து வந்த பஸ் அலறிக்கொண்டு அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டிக் கத்தினார். அவள் நகரவில்லை. பஸ்ஸின் விளக்கு அவள் தலைக்கு வெகு உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள்மேல் ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழவில்லை. அந்த இருட்டுக்குள் நின்றபடி அவள் பார்த்தாள். பஸ்ஸுக்குப் பின்னால், வளைவுக்கு வளைவு, மலைமேல்வரை வண்டிகள் வரிசையாக நின்றன. அத்தனை விளக்குகளும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தன.